முதல் கவளம்

கோட்டைமேட்டில் சிறிய தையற்கூடம் நடத்தும் ஜாஹிதாவுக்குப் பயம் புதிதன்று. அவர் லிப்டில் ஏற மாட்டார். நாய் குரைத்தால் தெருவை மாற்றிக்கொள்வார். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து கைப்பேசி ஒலித்தால், அது தானாக அடங்கும் வரையில் தொடமாட்டார். பேருந்து உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னிருக்கையின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு கண்களை மூடிக்கொள்வார். கணவர் யூனுஸ் உயிரோடிருந்த காலத்தில், "ஊருல இருக்கற பயத்தையெல்லாம் ஒத்த ஆளா வாங்கிப் போட்டு வெச்சிருக்கறா" என்று அவரைக் கேலி செய்வதுண்டு. இத்தகைய ஒருவர், சிறையிலிருந்து வெளிவரும் பெண்களுக்குத் துணையாக நிற்கிறார் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை.

அவரும் அதைத் தேடிப் போகவில்லை. பெண்கள் சிறையில் தையல் கற்றுக்கொடுக்க வாரம் ஒருமுறை போய்வந்தார். ஒருநாள் வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, அன்று காலையில் விடுதலையான பெண் ஒருத்தி நஞ்சப்பா சாலையின் ஓரத்தில் துணிப்பையுடன் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அழைத்துப் போக எவரும் வரவில்லை. வாகனங்கள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன.

"ஏனுங்க, இந்த ரோட்டை எப்படித் தாண்டறதுங்க?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கும் பயந்தானுங்க. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பயந்துக்கலாம்" என்றார் ஜாஹிதா.

இருவரும் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். அன்று தொடங்கியதுதான் இந்தத் துணை.

பிறகு, ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலரான தம்பிதுரை நடத்தும் தன்னார்வலர் குழுவில் ஜாஹிதா சேர்ந்தார். விடுதலையான பெண்களுடன் முதல் சில மாதங்கள் இருப்பது, வங்கிக்கும் மருத்துவமனைக்கும் உடன் போவது, வேலைக்கு ஏற்பாடு செய்வது, அவர்கள் அழும்போது பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருப்பது ஆகியவையே குழுவின் பணி. தம்பிதுரை ஒரே ஒரு கண்டிப்பை மட்டும் வைத்திருந்தார்.

"என்ன செஞ்சாங்கன்னு கேக்காதீங்கம்மா. கோர்ட்டு கேட்டாச்சு, போலீஸ் கேட்டாச்சு, ஊரும் கேட்டாச்சு. நீங்க சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேளுங்க, போதும்."

வேலை கொடுப்பவரிடமும், இவர் சிறையிலிருந்து வந்தவர் என்பதை மட்டுமே சொல்ல வேண்டும்; வழக்கைச் சொல்லக் கூடாது. ஜாஹிதாவுக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் பிடித்திருந்தது. தெரியாத வரையில் பயமும் குறைவு என்று அவர் எண்ணினார்.

பாவாத்தாள் இந்த வழக்கப்படிதான் அவரிடம் வந்து சேர்ந்தார். உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர், நாற்பதைக் கடந்தவர். நீண்ட தண்டனையை அனுபவித்துவிட்டு வந்திருந்தார். ஜாஹிதாவின் வீட்டில் தங்கிய நாள்களில், எந்தக் கதவின் முன்னாலும் நின்றுவிடுவார். போகலாம் என்று எவரேனும் சொன்னால்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். தண்ணீர் குடிப்பதற்கும் அனுமதி கேட்பார்.

"அட, கேக்காதீங்க அம்மணி. பானை உங்க பக்கத்துலதான இருக்குது?"

"பழகிப்போச்சுங்க அக்கா. கேக்காம குடிச்சா தொண்டைல எறங்க மாட்டேங்குது."

விருந்தாளியை அடுப்பண்டை விடக் கூடாது என்பது ஜாஹிதாவின் பழக்கம். ஆகையால் பாவாத்தாளை அவர் சமையலறைக்குள் விடவே இல்லை. தையற்கூடத்தில் ஓர் இயந்திரத்தை அவருக்காக ஒதுக்கி வைத்திருந்தார். தம்பிதுரையிடமும் அவ்வாறே சொல்லியிருந்தார். ஆனால், அதுவரையில் எதையுமே தமக்கென்று கேட்காத பாவாத்தாள் முதன்முறையாக ஒன்றைக் கேட்டார்.

"தையல் வேண்டாமுங்க அக்கா. எங்கயாச்சும் நாலு பேருக்குச் சோறாக்கற வேலை இருந்தாச் சொல்லுங்க."

தமக்கு வேண்டியது எது என்று ஒருவர் வாய்திறந்து சொல்வதே பெரிய முன்னேற்றம் என்று குழுவில் பேசிக்கொள்வார்கள். ஜாஹிதாவுக்கு ஒரே மகிழ்ச்சி. சரவணம்பட்டியில் கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்காக விடுதி நடத்திவந்த ராசாத்தாள், சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஜாஹிதா தயங்கித் தயங்கிச் சிறையைப் பற்றிச் சொன்னபோது ராசாத்தாள் சிரித்தார். "அதுனால என்னங்க? அரிசிம்பருப்புச் சோறு ஆக்கத் தெரியுமில்லீங்க? வரச் சொல்லுங்க."

அப்போது தம்பிதுரை மகளின் பிரசவத்துக்காக ஈரோட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை பெற்ற வீட்டில் இதையெல்லாம் பேச வேண்டுமா, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஜாஹிதா இருந்துவிட்டார். அவர் வந்த பிறகு அது மறந்தே போயிற்று.

பாவாத்தாளின் கைப்பக்குவம் விடுதியில் பேர் வாங்கியது. ஜாஹிதா பார்க்கப் போகும்போதெல்லாம் ராசாத்தாள் அதைச் சொல்வார். ஒருமுறை மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்றையும் சொன்னார்.

"ஒரு பழக்கந்தானுங்க என்னமோ மாதிரி இருக்குது. ஆக்கி எறக்குன உடனே ஒரு தட்டுல தானே போட்டுத் தின்னுபோட்டு, பானையை மூடி வெச்சுட்டு உக்காந்துக்கறா. புள்ளைங்க பசியில கத்துனாலும் எந்திரிக்கறதில்ல. அப்பறம் புள்ளைங்க சாப்பிடறப்ப வாசப்படியில நின்னு, வெச்ச கண்ணு வாங்காம பாக்கறா. கடைசிப் புள்ள கை கழுவற வரைக்கும் நகர மாட்டா. பேயி பாக்கற மாதிரி இருக்குதுன்னு புள்ளைங்க சொல்றாங்க."

சிறையில் பானையைத் திறந்ததும் முதலில் ஓர் அதிகாரி உண்டு பார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கமாக இருக்கும் என்று ஜாஹிதா சமாதானம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ராசாத்தாளிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"ஜாஹிதாம்மா, ஒடனே கெளம்பி வாங்க. காலைல பொங்கல் சாப்பிட்டுப்போட்டு மூணு புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க. ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சிருக்கறேன். சமையக்காரங்களை அப்படியே நிறுத்தி வெச்சிருக்கறேன்."

காந்திபுரத்தில் பேருந்து மாறி, சத்தி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஜாஹிதா தம்பிதுரையை அழைத்தார். விஷயம் காவல் நிலையம் வரையில் போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் அழைத்தார். அவர் பாதி சொல்லும்போதே தம்பிதுரை குறுக்கிட்டார்.

"சமையலா? பாவாத்தாளா? தையலுக்குன்னு சொன்னீங்களேம்மா!"

"அவங்களாத்தானுங்க சமையல் வேணும்னு கேட்டாங்க."



"அவங்களா கேட்டாங்களா?" என்றார் தம்பிதுரை. பிறகு, "அம்மா, நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனாச் சொல்லாம இருக்க முடியல. அவங்க கேஸே சோறுதானுங்க. சோத்துல பூச்சி மருந்தைக் கலந்துட்டாங்க. ஒரு உசுரு போயிருச்சு" என்றார்.

"யாரு உசுருங்க?"

"போன்ல வேண்டாம். நான் கெளம்பி வாரேன். அதுவரைக்கும் அவங்களை அடுப்புக்கிட்ட விடாதீங்க. அங்க ஆக்கி வெச்சதை ஒருத்தரும் வாயில வெக்க வேண்டாமுன்னு சொல்லுங்க."

கைப்பேசி ஜாஹிதாவின் மடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். அது அவர் காதில் ஏறவில்லை. வாசற்படியில் நின்று, உண்பவர்களை வைத்த கண் வாங்காமல் பார்க்கும் அந்த உருவம் மட்டும் அவர் முன்னால் நின்றது. எதை எதிர்பார்த்து அப்படிப் பார்த்தாள்? முதலில் தனியாக ஒரு தட்டில் எடுத்து உண்டாளே, அதன் பிறகு பானையில் எதைப் போட்டு மூடினாள்? அத்தனை வேலைகள் இருக்க, இந்த வேலையை ஏன் கேட்டு வாங்கினாள்? அந்த விடுதியில் இருக்கும் பெண்களின் தாய்மார்கள் எத்தனை ஊர்களில் இருக்கிறார்கள் என்று ஜாஹிதா எண்ணிப் பார்த்தார். கேட்காமல் இருந்தது பண்பு என்று இவ்வளவு நாளும் நினைத்தோமே, அது கோழைத்தனம்தானா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் பேருந்து கடந்துபோனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

விடுதியின் உணவுக்கூடத்தில் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். வெறும் தட்டுகள் மேசைமேல் கிடந்தன. மதியத்துக்கு ஆக்கிய அரிசிம்பருப்பு பெரிய அண்டாவில் மூடியிருந்தது. சுவரோரமாகச் சமையற்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் இருவர் நின்றுகொண்டு, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாள் மட்டும் குந்தியிருந்தார். முழங்கால்களின் மேல் கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து, சிறையில் ஆள் கணக்கெடுக்கும்போது உட்காருவதைப் போலவே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்கன்னு சொன்னேன். இவ சட்டுன்னு இப்படி உக்காந்துட்டா" என்றார் ராசாத்தாள். அவருடைய முகம் வெளிறியிருந்தது. "அதைப் பாத்ததுல இருந்து எனக்கு என்னமோ பண்ணுதுங்க. ஜாஹிதாம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவ எதுக்கு உள்ள போனா?"

தெரியாது என்பது அன்று காலை வரையில் உண்மை. இப்போது அது பொய். தெரியும் என்றால், ஒருவர் தம்மை நம்பிச் சொல்லாத ஒன்றை ஊரறியச் சொல்வதாகும். இரண்டுக்கும் ஜாஹிதா பயந்தார். 

"தெரியுமுங்க," என்றார் கடைசியில். "ஆனா... அதை நான் சொல்லக் கூடாதுங்க."

பாவாத்தாள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஜாஹிதாவுக்கு அது இன்னும் கடினமாக இருந்தது.

"நானே சொல்லிப்போடறேனுங்க அக்கா," என்றார் பாவாத்தாள். உட்கார்ந்தபடியே, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பவர்போலச் சொன்னார். "எனக்குப் பெரியவ ஒருத்தி, சின்னவன் ஒருத்தன். ஊட்டுல இருக்க முடியாம இருந்துச்சு. மூணு பேரும் ஒண்ணாப் போயிரலாமுன்னு நெனச்சுப்போட்டேன். சோறாக்குனேன். மருந்தைக் கலந்தேன். பெரியவளும் நானும் பொழச்சுக்கிட்டோம். சின்னவன் எந்திரிக்கல."

 ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அப்பறம் எதுக்குடி சமையல் வேலைக்கு வந்தே?" என்று ராசாத்தாள் கத்தினார். "ஊருல வேற வேலையே இல்லாமப் போச்சா? பாத்திரம் தேச்சிருக்கலாமில்ல!"

"நான் ஆக்குனதை நாலு புள்ளைங்க தின்னுபோட்டு, எந்திரிச்சுப் போயி கை கழுவறதைப் பாக்கணும்னு இருந்துச்சுங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்."

ராசாத்தாள் அண்டாவைப் பார்த்தார். "இதைச் சாக்கடைல ஊத்துங்க" என்று சமையற்காரர்களில் ஒருத்தியிடம் சொன்னார். அவளோ அண்டாவைத் தொடுவதற்கே பயந்து பின்வாங்கினாள். பாவாத்தாள் அப்போதுதான் முதன்முறையாக எழுந்தார்.

"ஊத்திப்போடுங்க. ஆனா நான் தின்னுட்டுத்தானுங்க மூடி வெச்சேன். பொங்கலும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் ஆவல."

"நீ பொழச்சுக்குவ. அன்னிக்கும் நீ பொழச்சுக்கிட்ட!"

அந்தச் சொல் வெளியே வந்ததும் ராசாத்தாளே திடுக்கிட்டார். பாவாத்தாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு ராசாத்தாள் ஜாஹிதாவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது. "நீங்கதான கூட்டியாந்து உட்டீங்க. நீங்களே சொல்லுங்க. இதை நீங்க தின்பீங்களா?"

ஜாஹிதா நம்பிக்கையினால் அந்தச் சோற்றை உண்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். பாவாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஹிதா ஒரு தட்டை எடுத்தார். அண்டாவின் மூடியைத் திறக்கும்போது அது கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது. கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொண்டு மேசைமுன் அமர்ந்தார். தம்பிதுரை சொன்னது காதில் ஒலித்தது: ஒருவரும் வாயில் வைக்க வேண்டாம். பிஸ்மில்லாஹ் என்றார், சொன்னது போதாதென்று தோன்றியதால் மறுபடியும் சொன்னார். முதல் கவளம் நாக்கில் பட்டபோது அவருக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. சீரகம் பல்லில் கடிபட்டது. அந்தக் கசப்பு சீரகத்தின் கசப்புத்தானா என்ற எண்ணம் ஓடி மறைந்தது. விழுங்கினார். தொண்டையில் இறங்கும் வரையில் அதன் வழியை உணர்ந்துகொண்டே இருந்தார்.

"மெதுவா அக்கா," என்றார் பாவாத்தாள். "தண்ணி வேணுமுங்களா?"

ஜாஹிதா வேண்டாம் என்று தலையசைத்தார். ஒவ்வொரு கவளமாகத் தட்டிலிருந்த அனைத்தையும் உண்டார். கன்னங்களில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. பிறகு எழுந்து, குழாயைத் திறந்து கை கழுவினார். பாவாத்தாள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். தண்ணீர் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

 எல்லோரும் ஜாஹிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஜாஹிதாவும் தம் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தார். லேசாகப் புரட்டுவது போலிருந்தது. அது பயமா, வேறொன்றா என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ராசாத்தாள் எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். மூன்று பெண்களும் ஒரே அறையைச் சேர்ந்தவர்கள். முந்தைய நாள் அவர்களில் நிதா என்ற பெண்ணின் பிறந்தநாளுக்காக வாங்கிய கிரீம் கேக்கை அலமாரியிலேயே வைத்திருந்து, காலையில் பொங்கலுக்கு முன்னால் மூவரும் பங்கிட்டு உண்டிருக்கிறார்கள். கேக் கெட்டுப்போனதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை, மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னாராம். மூவரும் ஒரே அறை என்பதை அதுவரையில் அங்கிருந்த எவரும் யோசிக்கவில்லை.

கூடத்தில் மூச்சு திரும்பியது. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் அந்த அண்டாவின் பக்கம் எவரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கைப்பேசியை எடுத்து, வெளியிலிருந்து உணவை வரவழைத்துக்கொண்டார்கள்.

ராசாத்தாள் பாவாத்தாளின் அருகே போனார். தோளைத் தொட வந்த கை பாதியில் நின்றது.

"அம்மணி, நான் சொன்ன சொல்லு தப்பு. உன் மேல தப்பில்லைன்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா இனி முடியாது கண்ணு. நாளைக்கு ஒரு புள்ளைக்குத் தலை வலிச்சாலும் எனக்கு உம் மொகந்தான் வரும். எம் பயம் போவாது."

"சரிங்க," என்றார் பாவாத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை எடுத்துவந்தார். விடுதியின் வாசற்கதவின் முன்னால் வந்து, பழையபடி நின்றுவிட்டார்.

"போலாமுங்க அம்மணி," என்று ஜாஹிதா சொன்ன பிறகே காலை எடுத்து வைத்தார்.

தம்பிதுரை எதிரே ஆட்டோவில் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தின்னீங்களா? நான் அவ்வளவு சொல்லியும் தின்னீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பாவாத்தாளிடம் திரும்பி, வேறெந்தப் பேச்சும் வராதவராக, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். அன்றிலிருந்து, எந்த வேலைக்கு அனுப்புவதானாலும் முதலில் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்ற இரண்டாவது கண்டிப்பும் குழுவில் சேர்ந்தது.

திரும்பும் பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். மேம்பாலம் வந்ததும் ஜாஹிதா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக் கண்களை மூடினார்.

"அக்கா, இனி என்னைப் பாத்தா உங்களுக்கும் பயமுங்களா?"

கண்களைத் திறக்காமலேயே ஜாஹிதா சொன்னார்: "எனக்கு எதுலதானுங்க பயமில்ல? பாலத்துமேல போறதுக்கே பயம். அதுக்காக ஊட்டுக்குப் போவாம இருக்கறமா?"

இப்போது பாவாத்தாள் கோட்டைமேட்டில்தான், ஜாஹிதாவின் சமையலறையில் சோறாக்கிக்கொண்டு இருக்கிறார். தையற்கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் முன்பு வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவருவார்கள். ஜாஹிதா அவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பாவாத்தாளின் சம்மதத்துடன், அவர் முன்னிலையிலேயே சொன்னார். வேண்டியவர்கள் இங்கே உண்ணலாம், வேண்டாதவர்கள் டப்பாவைக் கொண்டுவரலாம் என்றார். ஹுமேரா என்ற பெண் இன்றும் டப்பாதான் கொண்டுவருகிறாள். அதற்காக அவளை எவரும் குறை சொல்வதில்லை. பாவாத்தாள் அவள் டப்பாவையும் சேர்த்துக் கழுவி வைக்கிறார்.

ஜாஹிதாவின் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஒவ்வொரு மதியமும் முதல் கவளத்தை எடுக்கும்போது அவருடைய விரல்கள் ஒரு கணம் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. பாவாத்தாளுக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜாஹிதா உண்டு முடித்து எழுகிறார். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீரின் சத்தம் சமையலறை வரையில் கேட்கும்படி, தேவைக்கும் சற்று அதிகமான நேரம் கை கழுவுகிறார்.